அன்னோன் ஆர்ட்டிஸ்ட்டும் அங்காளம்மன் பாட்டும்

பிளேயர்ல பாட்டு வரலைன்னா நம்ம மக்கள் செய்யற முதல் வேலை, பிளேயரைத் திட்டறது. ரெண்டாவது, ரீசெட் பண்றது. மூணாவது, "இது டப்பா, வேற வாங்கணும்"னு தீர்ப்பு சொல்றது. பொட்டி தட்டிப் பொழைக்கிறவன்கிற முறையில என் கட்சி வேற. பெரும்பாலும் குத்தம் பிளேயர் மேல இல்ல, அதுக்கு நாம கொடுக்கிற கோப்புகள் மேல. அதுலயும் தமிழ்ப் பாட்டுன்னா கேக்கவே வேணாம்.

"ஐபாடையே 2022ல நிறுத்திட்டாங்க, இப்ப எவன்யா தனி பிளேயர் வெச்சிருக்கான்"னு கேப்பீங்க. இருக்காங்க சாமி. சோனி இன்னும் வாக்மேன் போடுறான், ஃபியோ மாதிரி கம்பெனிகளும் போடுது. பாட்டு கேக்கும்போது போன் மணி அடிக்கக் கூடாதுன்னு நினைக்கிற ஜாதி நாங்க :-)

சரி, ஸ்கேன்னா என்ன? பிளேயர் ஒவ்வொரு கோப்பையும் திறந்து, உள்ள ஒட்டியிருக்கிற சீட்டை (அதான் டேக்) படிக்கும். பாட்டுப் பேரு, படம், பாடினவர், வரிசை எண், அட்டைப்படம் எல்லாம் அதுல இருக்கும். அதை ஒரு பட்டியல்ல எழுதி வெச்சுக்கும். அவ்வளவுதான். பாட்டை அது கேக்கறதே இல்ல. ரேஷன் கார்டு கதைதான்... பேரு இல்லைன்னா ஆளே இல்ல.

சில்லறை வைத்தியங்களை முதல்ல சொல்லிடறேன்.

1. ஸ்கேன் நடுவுல நின்னுபோனா ஏதோ ஒரு கோப்பு கெட்டிருக்கு, இல்லைன்னா அட்டைப்படம் ராட்சச சைஸ்ல இருக்கு. பாதிப் பாட்டைக் கம்ப்யூட்டருக்கு நகர்த்திட்டு மறுபடி ஸ்கேன் பண்ணுங்க. ஓடினா வில்லன் எடுத்த பாதியில, ஓடலைன்னா மிச்சப் பாதியில. இப்படியே பாதி பாதியாக் குறைச்சா 4000 பாட்டுல ஒரு வில்லன் இருந்தாலும் 12 தடவையில ஆள் சிக்கிடுவான். காலேஜ்ல படிச்ச பைனரி சர்ச் வேற எதுக்கு உதவப்போகுது?

2. ஒரு ஃபோல்டர் மட்டும் காணோமா? ஆண்ட்ராய்டு பிளேயரா இருந்தா, அந்த ஃபோல்டர்ல 'நோமீடியா'ன்னு ஒரு மறைவுக் கோப்பு உக்காந்திருக்கான்னு பாருங்க. அது இருந்தா ஸ்கேன் எட்டிக்கூடப் பாக்காது.

3. மேக்ல இருந்து காப்பி பண்ணினீங்கன்னா புள்ளி, அடிக்கோடுல ஆரம்பிக்கிற குட்டிக் கோப்புகளும் கூடவே வரும். சில பிளேயர் அதையும் பாட்டுன்னு நம்பி முழிக்கும். அழிச்சிடுங்க.

4. 32 ஜிபிக்கு மேல உள்ள கார்டு எக்ஸ்ஃபேட்லதான் வரும். பழைய பிளேயர்களுக்கு ஃபேட்32 தான் புரியும். ஃபார்மேட் பண்றதுக்கு முன்னாடி காப்பி எடுத்துக்கோங்க, அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.

இனிமேதான் நம்ம வீட்டுப் பிரச்சினை. பழைய ஐடி3 டேக்குல பாட்டுப் பேருக்கு மொத்தமே 30 பைட். யூனிகோடை யூடிஎஃப்-8ல எழுதினா ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். 'மேல்மலையனூர்' நம்ம கணக்குல ஏழே எழுத்து. கம்ப்யூட்டர் கணக்குல கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் சேர்த்து 12 குறி, 36 பைட். ஊரோட வாலை அறுத்துட்டு 'மேல்மலையனூ'ன்னு நிறுத்திடும்! திஸ்கி, டாப்னு பழைய குறியீட்டுல எவராவது டேக் போட்டிருந்தா, தலையில கொம்பு முளைச்ச இங்கிலீஷ் எழுத்தாத் தெரியும். வழி என்னன்னா, யூனிகோட்ல, ஐடி3 2.3 வகையில சேமிங்க. 2.4 புரியாத பழைய பிளேயர் நிறைய உண்டு. எம்பி3டேக்னு ஒரு மென்பொருள் போதும்.

அப்புறம் பேரு. இளையராஜாவை இங்கிலீஷ்ல ஒருத்தர் 'ஐ' போட்டு எழுதுவார், ஒருத்தர் 'ஒய்' போடுவார், ஒருத்தர் கடைசியில ரெண்டு 'ஏ' வைப்பார். பிளேயருக்கு அவங்க மூணு தனித்தனி ஆளுங்க. எஸ்பிபி, ஜானகி, யேசுதாஸ் பாடின ஒரே படம் மூணு ஆல்பமாச் சிதறும். நாம படத்தையும் இசையமைப்பாளரையும் வெச்சுப் பாட்டுத் தேடற கூட்டம்னு பிளேயருக்கு எப்படித் தெரியும்? 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்'ங்கிற இடத்துல இசையமைப்பாளர் பேரை ஒரே மாதிரி போடுங்க, எல்லாம் ஒண்ணு சேந்துடும்.

சினிமாப் பாட்டாவது பரவால்ல. எங்க மேல்மலையனூர்ப் பக்கம் பம்பை, உடுக்கை அடிச்சு அங்காளம்மன் கதை பாடறவங்க உண்டு. சித்தப்பா வீட்டுல அந்தக் கேசட் ஒரு ஷூ டப்பா நிறைய இருந்துச்சு. யாரோ எம்பி3யா மாத்திக் கொடுத்தாங்க. எல்லாக் கேசட்டுலயும் 'டிராக் 01', 'டிராக் 02', வேற ஒண்ணும் கிடையாது. பிளேயர் எல்லாத்தையும் 'அன்னோன் ஆர்ட்டிஸ்ட்'னு ஒரே மூட்டையாக் கட்டி, முதல்ல எல்லாக் கேசட்டோட 'டிராக் 01', அப்புறம் எல்லாக் கேசட்டோட 'டிராக் 02'ன்னு பாடுது. சிவன் பிரம்மா தலையைக் கிள்ளற எடத்துலதான் கதை சூடு பிடிக்கும். அந்த எடத்துல சம்பந்தமே இல்லாம வேற கேசட்காரர் தாலாட்டு ஆரம்பிச்சுடறார். சித்தப்பா "மெஷின் கெட்டுப்போச்சுடா"ன்னார்.

மெஷின் கெடல சித்தப்பா. கேசட் உறையில இருந்த பேருங்கதான் உள்ள ஏறல. பாடினவர், எழுதினவர், சிலதுல பம்பை அடிச்சவர் பேரு கூட உறையில இருந்துச்சு. அதையெல்லாம் பார்த்து அடிச்சேன், ஒரு ராத்திரி வேலை. உறை தொலைஞ்சுபோன மூணு கேசட்டுல ஒண்ணை மட்டும் சித்தப்பா குரலை வெச்சே "இவர்தான்"னார். மத்த ரெண்டும் யாருன்னு தெருவுல ஒருத்தருக்கும் தெரியல.

"ஃபோல்டர்ல பேரு போட்டா போதாதா?"ன்னு கேட்டா, போதாது. வாட்ஸப்புல ஒரு பாட்டு மட்டும் தனியாப் போகும்போது ஃபோல்டர் கூட வராது, டேக் கோப்போட சேர்ந்தே போகும். எல்.ஆர்.ஈஸ்வரி பேரை யாரும் மறக்கப்போறதில்ல. மாசி மாசம் மயானக் கொள்ளைக்கு ராத்திரி பூரா பாடினவர் பேருக்கு அந்த 30 பைட்டும் இல்லைன்னா வேற எங்க இடம்?

உங்க ஊர்லயும் இப்படி ஒரு ஷூ டப்பா இருக்கும். குரலைக் கேட்டே பேரு சொல்ற ஒரு பெரியவரும் இருப்பார். அவர் இருக்கும்போதே பக்கத்துல உக்காந்து கேட்டு, டைப் அடிச்சு ஏத்திடுங்க. புது பிளேயர் அப்புறம் வாங்கிக்கலாம்.