இரண்டு சீட்டு, ஒரு நோயாளி

பருத்திப்பட்டு, ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துக் குடல் அழற்சி நோயாளிகள் குடல் மருத்துவரைப் பார்க்க நகரத்துக்குப் போகிறார்கள். காய்ச்சலுக்கும் மூட்டுவலிக்கும் உள்ளூர் மருத்துவர்களான நம்மிடம் வருகிறார்கள். கூட்டு மருந்தின் ஆபத்து பெரும்பாலும் இந்த இரண்டு சீட்டுகளுக்கு நடுவில்தான் இருக்கிறது.

கிரோன்ஸ் நோய்க்கு அசதயோபிரின் சாப்பிடும் ஒருவருக்குக் கால் பெருவிரல் வீங்கி, யூரிக் ஆசிட் ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய சீட்டைக் கேட்காமல் அலோபியூரினால் எழுதிவிட்டால், சில வாரங்களில் வெள்ளையணுக்கள் ஆபத்தான அளவுக்குச் சரியலாம். அசதயோபிரின் உடலில் மெர்காப்டோப்யூரினாக மாறுகிறது. அதைச் சிதைக்கும் சாந்தைன் ஆக்சிடேஸை அலோபியூரினால் முடக்கிவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் அலோபியூரினாலில் முதலில் தேடியதே இந்த விளைவைத்தான். மெர்காப்டோப்யூரின் சீக்கிரம் சிதையாமல் இருக்க வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். கௌட்டுக்கு அது பயன்பட்டது பிறகுதான். இன்றும் சில நோயாளிகளுக்கு இரண்டையும் தெரிந்தே சேர்த்துக் கொடுக்கும் நிபுணர்கள் உண்டு. ஆனால் அசதயோபிரினை மூன்றில் ஒரு பங்குக்கோ கால் பங்குக்கோ குறைத்து, ரத்த அணுக்களை அடிக்கடி எண்ணிப் பார்த்துக்கொண்டுதான். ஃபெபுக்சோஸ்டாட்டுக்கு மாறினாலும் இதே சிக்கல்தான்.

கூட்டு என்றாலே பயப்படவும் வேண்டாம். கிரோன்ஸ் நோயாளிகளிடம் நடத்தி 2010இல் வெளியான சோனிக் ஆய்வில், 26ஆம் வாரத்தில் ஸ்டீராய்டு இல்லாமல் நோய் அடங்கியவர்கள் இன்ஃப்ளிக்சிமாப் மட்டும் பெற்றோரில் 44.4 சதவீதம், அசதயோபிரினும் சேர்த்துப் பெற்றோரில் 56.8 சதவீதம். நம் ஊரில் இன்ஃப்ளிக்சிமாப் தொடங்கும் முன், காசநோய் இருக்கிறதா என்று பார்க்க மார்பு எக்ஸ்ரேயும், மாண்டூ அல்லது இக்ரா சோதனையும் கட்டாயம். உறங்கும் காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால் பிரெட்னிசோலோனின் அளவும் டோஃபாசிட்டினிப்பின் அளவும் ரத்தத்தில் இறங்கும். குடல் நோய் மறுபடி கிளம்பும். நாமோ மருந்து தோற்றுவிட்டது என்று முடிவுகட்டுவோம். ஐசோனியாசிடை மெத்தோட்ரெக்சேட்டுடன் கொடுத்தால் கல்லீரலைக் கவனிக்க வேண்டும். மெத்தோட்ரெக்சேட்டும் கோட்ரைமாக்சசோலும் சேரவே கூடாது. மெடிக்கல் கடைக்காரர் தயங்காமல் எழுதியவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டிய கூட்டு அது.

வெள்ளையணுக்கள் சரியும் ஆபத்தை முன்பே அறிய, அசதயோபிரின் தொடங்கும் ஒவ்வொருவருக்கும் முடிந்தால் முதலில் என்யூடிடி15 மரபணுச் சோதனை செய்யுங்கள். முடியாவிட்டால் முதல் மாதம் வாரம் ஒரு ரத்தப் பரிசோதனையாவது தவறக் கூடாது. சீட்டின் மேல்பகுதியில் ‘அசதயோபிரின் சாப்பிடுகிறார், அலோபியூரினாலோ ஃபெபுக்சோஸ்டாட்டோ எழுதும் முன் கூப்பிடவும்’ என்று எழுதி, உங்கள் தொலைபேசி எண்ணையும் சேர்த்துவிடுங்கள்.