சாணையும் யந்திரமும்

மணவூரில் ரயில் வந்து போகும் சப்தத்துக்கு நாம் பழகிவிட்டோம். ஆனால், "கத்தி, அரிவாள்மணை சாணை பிடிக்கிறதே!" என்ற குரல் தெருவில் எழுந்தால் மட்டும், திருத்திக் கொண்டிருக்கும் பரீட்சைத் தாள்களை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிறோம். திருத்தணிக்கும் ஆந்திர எல்லைக்கும் சமீபமான ஊர் அல்லவா? அதே அழைப்புத் தெலுங்கிலும் ஒரு முறை எழும். முன்பு மாதம் தவறாமல் கேட்ட குரல் இப்போது வருஷத்தில் இரண்டு தடவை கேட்டால் அதிகம்.

குரல் வராத காலத்தில் நாம் ஒரு புத்திசாலித்தனமான காரியம் செய்தோம். நம் தாயார் காலத்து அரிவாள்மணையைப் பட்டணத்தில் ஒரு பட்டறைக்கு எடுத்துச் சென்றோம். மின்சாரச் சாணை சுழன்றது, தீப்பொறி பறந்தது, இரண்டே நிமிஷத்தில் வேலை முடிந்தது. வாழைக்காய் வெண்ணெய் போல் அறுபட்டது. வீட்டில் நமது கௌரவமும் சற்று உயர்ந்தது. அது எட்டு நாள்தான் நிலைத்தது. ஒன்பதாம் நாள் கத்தரிக்காய்கூட நசுங்கியதே தவிர அறுபடவில்லை. "பளபளப்பு இருக்கிறது, பதம் இல்லை" என்று வீட்டு அம்மாள் தீர்ப்புக் கூறிவிட்டாள்.

விளிம்பை உற்றுப் பார்த்தோம். நீலம் பாய்ந்திருந்தது. பதமிட்ட உருக்கு ஏறக்குறைய 230 டிகிரி சூட்டில் வைக்கோல் நிறம் கொள்ளும்; 300 டிகிரியை எட்டினால் நீலமாகும். நீலம் கண்ட இடத்தில் கொல்லன் ஏற்றிய பதம் இறங்கிவிட்டது என்று பொருள். தண்ணீர் இல்லாமல் வேகமாகச் சுழலும் சாணையில் மெல்லிய விளிம்பு கண் இமைக்கும் நேரத்தில் அவ்வளவு சூடேறிவிடும். கையால் தேய்க்கும்போது தண்ணீரும் நிதானமும் அதற்கு இடம் கொடுப்பதில்லை.

அதற்காக யந்திரத்தைச் சபிப்பது நியாயமாகாது. குருந்தக்கல் பொடியை அரக்கில் குழைத்துச் சாணை செய்வது நம் நாட்டின் பழைய கைத்திறன். அந்தக் கல்லுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'கொரண்டம்' என்ற பெயரே நம் தமிழ்ச் சொல்லிலிருந்து போனதுதான். 1891-ல் அமெரிக்காவில் எட்வர்டு ஆச்சிசன் என்பவர் மின்சார உலையில் ஒரு கடினப் பொருளைச் செய்து, 'கார்போரண்டம்' என்று பெயரிட்டார். அந்தப் பெயருக்குள்ளும் நமது குருந்தம் குந்தியிருக்கிறது! ஆகவே கல்லின் மீது குற்றம் இல்லை. குற்றமெல்லாம் அவசரத்தின் மீதுதான்.

சென்ற வாரம் சாணைக்காரப் பெரியவர் வந்தார். அரிவாள்மணையைப் பார்த்ததும், "வாத்தியாரய்யா, இதைச் சுட்டுவிட்டார்களே!" என்றார். காலால் மிதித்துச் சக்கரத்தைச் சுழற்றி, நிமிஷத்துக்கு ஒரு முறை தண்ணீர் தொட்டு, நீலம் மறையும் வரை இரும்பைக் கரைத்தார். பிறகு தட்டைக் கல்லில் மெல்லத் தேய்த்துப் பிசிறை எடுத்தார். அரைமணி நேரமாயிற்று. தாயார் காலத்து இரும்பு கொஞ்சம் குறைந்தது; பதம் திரும்பிவிட்டது.

"அடிக்கடி வரக்கூடாதா?" என்று கேட்டோம். "தெருவுக்கு நாலு கத்தி சேர்ந்தால் வரலாம், ஐயா. இப்போது இரண்டுகூடச் சேரவில்லை. மழுங்கினால் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்குகிறார்கள்" என்றார். அவர் மகனும் இந்தத் தொழிலுக்கு வரவில்லையாம்.

வீட்டில் ஒரு கல் வைத்துக்கொள்வது நல்லது. சமகோணத்தைப் பாதியாக்கி, அதையும் பாதியாக்கினால் 22½ டிகிரி. அதற்குச் சற்றுக் குறைவாகக் கத்தியைச் சாய்த்து, கல்லை நனைத்து, மறுபக்கம் பிசிறு தட்டும் வரை தேய்க்க வேண்டும்; பிறகு திருப்பி அதே அளவு தேய்த்து, கடைசியில் லேசாக இரு பக்கமும் தடவினால் பிசிறு போய்விடும். வாரம் ஒரு முறை ஐந்து நிமிஷம் போதும்.

ஆனால், விளிம்பு தேய்ந்து தடித்துவிட்டால் கைக்கல் மட்டும் போதாது. பெரியவருடைய சக்கரம் வேண்டும். அடுத்த முறை உங்கள் தெருவில் அந்தக் குரல் கேட்டால், வீட்டுக்கு ஒரு கத்தியாவது எடுத்துக்கொண்டு வாசலுக்கு வாருங்கள். நாலு வீடு சேர்ந்தால் அவர் மறுபடியும் வருவார்.