ராம் கோபாலைப் பெங்களூர் மறக்கலாமா?

தொம்மலூரில் மகளை நாட்டிய வகுப்பில் சேர்க்கத் தயங்காத வீட்டார்கூட, மகன் ஆசைப்பட்டால் முகம் சுளிப்பதுண்டு. “ஆம்பிளைப் பிள்ளைக்கு ஆட்டம் சோறு போடுமா?” என்பதே கேள்வி. இதே பெங்களூரில் 1912ல் பிறந்த ஒருவர் அந்தக் கேள்விக்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டார். அவர்தான் ராம் கோபால்.

தந்தை ராஜபுத்திர வழக்கறிஞர். தாய் பர்மியப் பெண்மணி. தந்தைக்கு மகன் ஆடுவதில் விருப்பமில்லை. ஆயினும் ராம் கோபால் குஞ்சு குருப்பிடம் கதகளி பயின்றார். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதம் பயின்றார். தமிழர் அல்லாத பெங்களூர்ப் பிள்ளையை உலகமெங்கும் ஆட வைத்ததில் தஞ்சை மண்ணின் நட்டுவாங்கத்துக்குப் பெரும் பங்குண்டு என்பதை இங்குள்ள தமிழர் பெருமையுடன் சொல்லிக்கொள்ளலாம்.

அமெரிக்க நடன மாது லா மேரியுடன் கிழக்காசிய நாடுகளில் ஆடிய அவர், 1939ல் லண்டன் ஆல்ட்விச் அரங்கில் ஆடினார். மேல்நாட்டார் அவரை ‘இந்தியாவின் நிஜின்ஸ்கி’ என்றனர். தாஜ்மகால் கதையை பாலேயாக அமைத்து 1956ல் எடின்பரோ விழாவில் அளித்தார். 1960ல் புகழ்பெற்ற பாலே நடனமணி அலிசியா மார்கோவாவுடன் ‘ராதா-கிருஷ்ணா’வில் ஆடினார். (நம் ஊரில் நாட்டிய நாடகத்தையும் பாலே என்றே சொல்லிவிடுகிறோம், விரல் நுனியில் நின்றாடும் மேல்நாட்டு பாலே வேறு. அந்த இரண்டும் ஒரே மேடையில் கைகோத்தது அன்று புதுமை.)

நடிப்பையும் அவர் விட்டுவைக்கவில்லை. மலேயா ரப்பர் தோட்டத்தைக் களமாகக் கொண்ட ‘தி பிளாண்டர்ஸ் வைஃப்’ (1952), கிரிகரி பெக் நடித்த ‘தி பர்பிள் பிளெயின்’ (1954) ஆகிய ஆங்கிலப் படங்களில் நடித்தார். கண்ணும் புருவமும் பேசக் கதகளியில் பழகியவருக்குக் காமிரா அந்நியமாக இருந்திருக்காது.

ஆட்டம், நடிப்பு, நடன அமைப்பு என மூன்றில் கால் வைப்பவரை ‘எதிலும் நிலைக்காதவர்’ என்று ஏசுவது வழக்கம். அது தவறு. ராம் கோபால் முதலில் குருவின் காலடியில் உட்கார்ந்தார். மற்ற இரண்டும் பிறகு வந்தன. ஆறு மாத வகுப்பு முடிந்ததும் டி.வி. போட்டிக்குப் பிள்ளையை இழுத்துச் செல்வோர் இந்த வரிசையைத்தான் தலைகீழாக்குகிறார்கள்.

1990ல் சங்கீத நாடக அகாதெமி அவரைக் கௌரவித்தது. 1999ல் பிரிட்டிஷ் அரசு ஓ.பி.இ. பட்டம் அளித்தது. 2003ல் இங்கிலாந்தில் காலமானார்.

பிறந்த ஊர் என்ன செய்யப் போகிறது? தொம்மலூரில் 2019 முதல் பெங்களூர் சர்வதேச மையம் நல்லதோர் அரங்கத்துடன் இயங்குகிறது. அங்கே ஆண்டுக்கொரு மாலை ராம் கோபால் பெயரால் நடத்தலாம். அவர் நடித்த படமொன்றைத் திரையிட்டு, நாட்டியம் பயிலும் பையன்களுக்கு மட்டுமாவது அன்று மேடை தர வேண்டும். பெற்றோருக்கு முன்வரிசையில் இடம் ஒதுக்குவது அவசியம்.