18 சதவீத வீடு

மாதம் 12,000 ரூபாய் வாடகை போகிற வீடு ஒன்று 8 லட்சத்துக்குப் போக்கியத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வாடகை இல்லை, வட்டி இல்லை. காலம் முடிந்ததும் பணம் முழுசாகக் கைக்கு வரும். வீட்டில் பணம் போட முதன்முதலாக வருபவர் கணக்குப் போட்டுப் பார்க்கிறார். ஆண்டுக்கு 1,44,000 ரூபாய் மிச்சம், அதாவது 18 சதவீதம். எந்த வங்கி வைப்புநிதி இதைத் தரும் என்கிறார்.

அந்த 18 சதவீதம் வீட்டுக்காரர் பையிலிருந்து போகிறது என்பதைப் பணம் போட வந்தவருக்குச் சொல்ல வேண்டியவர்கள் தரகர்களும் பத்திர எழுத்தர்களுமான நாம். பத்திரம் சுத்தமாக இருந்தால் வங்கியில் அதைவிடக் குறைந்த வட்டிக்கு அடமானக் கடன் கிடைக்குமே, பிறகு ஏன் போக்கியம்? நியாயமான காரணங்கள் உண்டு: வருமானச் சான்று காட்ட முடியாத கடைக்காரர், வயது தடையாக நிற்கும் ஓய்வூதியர். வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானமாக இருந்து, தவணை தவறிப்போனதும் ஒரு காரணம். வீட்டை மாத வாடகைக்கு எடுத்து, உரிமையாளருக்குத் தெரியாமல் போக்கியத்துக்கு விட்டுவிட்டு மறைந்துபோகிற இடைத்தரகரும் நம் ஊரில் உண்டு. வில்லங்கச் சான்று மட்டும் போதாது. மூலப்பத்திரத்தின் அசல் யாரிடம் இருக்கிறது என்று கேட்டு, கண்ணால் பார்த்த பிறகே டோக்கன் அட்வான்ஸ் பேச்சு வர வேண்டும்.

அடுத்தது நம் எழுத்தர்கள் 11 மாத ஒப்பந்தம் எழுதும் பழக்கம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிய வேண்டும் என்று 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 107ஆம் பிரிவு சொல்வதால், பதிவைத் தவிர்க்க வந்த வழி அது. 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், காலம் எவ்வளவானாலும் ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து வாடகை அதிகாரியிடம் பதியச் சொல்கிறது. அதற்குப் பிறகும் பழைய நகலில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். அதைவிடப் பெரிய கோளாறு, பல போக்கியங்கள் குத்தகையே இல்லை என்பது. வீட்டைக் கையில் ஒப்படைத்து, வட்டிக்கு ஈடாக அனுபவிக்கவிட்டு, அசல் திரும்பும்வரை வைத்துக்கொள்ளச் சொன்னால் அது சொத்து மாற்றுச் சட்டத்தின் 58(டி) பிரிவில் வருகிற அனுபோக அடமானம். 59ஆம் பிரிவுப்படி இரண்டு சாட்சிகளோடு பதிவாக வேண்டிய ஆவணம்.

பதியாவிட்டால் முத்திரைத் தீர்வையும் கட்டணமும் மிச்சம் என்று இரு தரப்பும் சொல்வார்கள். ஆனால் வங்கி சர்ஃபாசி சட்டத்தில் வீட்டைக் கைப்பற்ற வரும் நாளில், 8 லட்சம் கொடுத்தவரின் கையில் உள்ள 11 மாதத் தாள் அவரை வெறும் கடன் கொடுத்தவராகத்தான் காட்டும். போக்கியம் பதிவாகியிருந்தால் வில்லங்கச் சான்றில் ஏறியிருக்கும். அதன்பின் கடன் கொடுக்க வருகிற வங்கியும் அதைப் பார்த்திருக்கும்.

‘இருந்து பார்த்துவிட்டு வாங்கிக்கொள்கிறேன்’ என்பவர்களும் இப்போது அதிகம் வருகிறார்கள். இவர்களுக்காக வாடகை ஒப்பந்தத்தின் கடைசியில் ‘விரும்பினால் கிரயம் பெற்றுக்கொள்ளலாம்’ என்று ஒரு வரி சேர்த்து முடித்துவிடுகிறோம். விலை இல்லை, கெடு இல்லை, கொடுத்த வாடகையில் எவ்வளவு கிரயத்தில் கழியும் என்ற பேச்சும் இல்லை. அந்த வரியை வைத்து நீதிமன்றத்தில் என்ன கேட்க முடியும்? 2012 டிசம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் கிரய உடன்படிக்கையும் கட்டாயப் பதிவுக்குள் வந்துவிட்டது. பதியாத உடன்படிக்கையையும் ஏற்றதை ஆற்றும் வழக்கில் சாட்சியமாகக் கொள்ளலாம் என்று 2023இல் ஹேமலதா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். அது வழக்காட ஒரு வழி. அதைக் காட்டிப் பதிவு வேண்டாம் என்று கட்சிக்காரருக்குச் சொல்வது பொறுப்பில்லாத வேலை. கிரய உடன்படிக்கையைத் தனியாக எழுதிப் பதியுங்கள். கிரயத்துக்கு ஒரு தேதி போடுங்கள்; வழக்குக்கான மூன்றாண்டுக் கெடு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும். வாங்குபவர் பணத்தோடு தயாராக இருந்ததற்கு எழுத்தில் அத்தாட்சி சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்.

பணம் கைமாறுவதும் வங்கி வழியாகவே இருக்கட்டும். கடனாகவோ சொத்துக்கான முன்பணமாகவோ 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே தண்டம் வரலாம். பாதி வெள்ளை, பாதி ரொக்கம் என்று பேரம் பேசும் வீட்டுக்காரரிடம் புதியவரை அழைத்துப் போகாதீர்கள். தரகையும் சாவி கைமாறும் நாளில் வாங்காமல், பதிவு முடிந்து ஆவணம் வெளியே வரும் நாளில் வாங்கிப் பழகலாம்.