மெமரி க்ளீனர் விக்கிறவங்களே, கொஞ்சம் நிறுத்துங்கப்பு!

பொட்டி மெதுவா ஓடுதுன்னு வாயைத் தொறந்தாப் போதும் மக்களே, உடனே ஒருத்தர் 'மெமரி க்ளீனர்' மென்பொருளோட வந்துடறாரு. நம்ம பதிவர்கள்லயே சிலர் இதைப் பரிந்துரைக்கிறாங்க. ஒரு பொத்தானை அமுக்கினா 2 ஜிபி காலியாயிடுமாம். அட போங்கய்யா!

சும்மா கிடக்கிற ராம் என்ன, பேங்க்ல போட்ட பணமா, வட்டி குட்டி போட? 2007-ல விஸ்டா வந்ததிலேர்ந்தே, நாம அடிக்கடி திறக்கிற மென்பொருட்களை விண்டோஸ் முன்கூட்டியே மெமரியில ஏத்தி வைக்குது. வேற வேலைக்கு இடம் வேணும்னா தானே விட்டுக் கொடுத்துடும். இந்த க்ளீனர்கள் பலதும், ஓடிட்டிருக்கிற மென்பொருள்கிட்ட இருந்தே மெமரியைப் பிடுங்குது. அடுத்த க்ளிக்குல அதெல்லாம் திரும்பி வந்தாகணும். பொட்டி திக்கும். இதுக்குக் காசு வேற!

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்குங்க. டாஸ்க் மேனேஜர் வரும். அதுல பெர்ஃபார்மன்ஸ், அப்புறம் மெமரி. மொத்தம் எத்தனை ஜிபின்னு மேலயே இருக்கும். 'இன் யூஸ்' பாத்துப் பதறாதீங்க, 'அவைலபிள்' எவ்வளவுன்னு பாருங்க. 'கேஷ்டு' பெரிசா இருந்தா நல்லதுதான். வழக்கமா செய்யற வேலையெல்லாம் திறந்திருக்கும்போது அவைலபிள் தரையைத் தொட்டா மட்டும் கடைக்குப் போய் ராம் வாங்குங்க.

(பிரவுசர்ல 40 டேப் திறந்து வச்சிட்டு விண்டோஸைத் திட்டற மகராசன்களுக்குத் தனிப் பதிவு வருது :-))