சீல் உடைக்காத பெட்டி என்றால் யாரும் பார்க்காத பெட்டி



புதிய பொருள் வாங்கப் போனால் நாம் கேட்கும் முதல் கேள்வி, "பெட்டி சீலோட இருக்கா?" என்பதுதான். ஃபோனோ, ஃபேனோ, தையல் மெஷினோ, எதுவானாலும் சீல் உடைந்திருந்தால் வேறு பெட்டி கேட்கிறோம். கடைக்காரரும் அதையே பெருமையாகச் சொல்லி விற்கிறார்.

இந்தப் பழக்கம் சில பொருட்களுக்குப் பொருந்தவே பொருந்தாது என்பது எங்கள் கருத்து. சீல் உடைக்காத பெட்டி என்றால், தொழிற்சாலையை விட்டு வந்த பிறகு யாருமே திறந்து பார்க்காத பெட்டி என்றுதான் அர்த்தம். இதற்கு எலெக்ட்ரிக் கிட்டாரை விட நல்ல உதாரணம் கிடையாது.

கிட்டார் என்றதும் சிலருக்கு முகம் சுளிக்கும். இசைக்கருவி கூடுமா கூடாதா என்பதில் எம்மிடையே கருத்து வேறுபாடு இருப்பது எல்லோருக்கும் தெரியும். அதைத் தீர்த்து வைக்க இந்தப் பதிவை எழுதவில்லை. அதை உலமாக்களிடம் கேளுங்கள். ஆனால் எமது ஊர்ப் பிள்ளைகள் கிட்டார் வாங்குகிறார்கள், எமது சமூகத்து வியாபாரிகள் பலவகைப் பொருட்களையும் விற்கிறார்கள் என்பது நடைமுறை. கிட்டார் பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கலாம். குறையைச் சொல்லாமல் பொருளை விற்கலாமா என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

புதிய கிட்டாரில் குறை எங்கிருந்து வருகிறது?

கிட்டாரின் கழுத்தில் குறுக்காக 21, 22 அல்லது 24 உலோகக் கீற்றுகள் பதித்திருப்பார்கள். ஃப்ரெட் என்பது இவற்றைத்தான். தந்தியை ஃப்ரெட்டின் மீது அழுத்தும்போதுதான் ஒவ்வொரு சுரமும் வருகிறது. இத்தனை ஃப்ரெட்டுகளும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று தலைமுடி அளவு உயர்ந்துவிட்டாலும், அதற்கு முந்திய இடத்தில் அழுத்தும்போது தந்தி அதில் தட்டி "ஸ்ஸ்" என்று இரையும்.

கழுத்தை வெட்டுவதையும் உடலைக் குடைவதையும் இன்று கணினியில் இயங்கும் இயந்திரங்கள் நேர்த்தியாகச் செய்கின்றன. அதனால் விலை குறைந்த கிட்டார்களும் முன்பை விட நன்றாகவே வருகின்றன. இந்தோனேசியாவின் சுரபாயாவில் உள்ள ஒரே நிறுவனத்தின் தொழிற்சாலையில் இருந்து பல பிரபல பிராண்டுகளின் கிட்டார்கள் வெளியே வருகின்றன. ஆனால் கடைசி வேலைகள் அப்படியல்ல. ஃப்ரெட்டுகளை மட்டம் பார்த்துத் தேய்ப்பது, அவற்றின் ஓரங்களை மழுக்குவது, தலைப்பக்கம் தந்தி உட்காரும் பள்ளங்களைச் சரியான ஆழத்துக்கு அறுப்பது, கடைசியில் ஒருவர் கையில் எடுத்து வாசித்துப் பார்ப்பது ஆகியவற்றுக்கு நேரம் பிடிக்கும். நேரம் என்றால் கூலி. விலையைக் குறைக்க வேண்டுமென்றால் முதலில் குறைவது இந்த நேரம்தான்.

அடுத்தது பயணம். மரம் ஈரத்தில் ஊதும், வரட்சியில் சுருங்கும். உலோகம் அப்படிச் செய்யாது. ஈரமான ஊரில் செய்த கிட்டார் வாரக்கணக்கில் கப்பல் கொள்கலனில் கிடந்து, கொழும்பில் ஏசி போட்ட காட்சியறையில் மாதக்கணக்கில் நின்று, பிறகு கடற்கரையோர ஊரில் ஒரு வீட்டுக்கு வருகிறது. ஏசியில் மரம் சுருங்கினால் ஃப்ரெட்டின் முனைகள் ஓரத்தில் துருத்திக்கொண்டு விரலைக் கீறும். எமது ஈரக்காற்றில் கழுத்தின் வளைவு மாறும், தந்தியும் ஆணியும் துருப்பிடிக்கும். ஆறு தந்திகளும் சேர்ந்து அந்தக் கழுத்தை ஏறக்குறைய 45 கிலோ எடைக்குச் சமமான விசையில் இழுத்துக்கொண்டிருக்கின்றன என்பதையும் நினைத்துப் பாருங்கள். தொழிற்சாலையில் சரியாக இருந்தது வீட்டுக்கு வரும்போது சரியாக இருக்கும் என்பதற்கு எந்தச் சீலும் உத்தரவாதம் இல்லை.

இங்கே ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். வாங்குபவர், விற்பவர் இருவருமே இதில்தான் குழம்புகிறார்கள். சிலர் வேண்டுமென்றே குழப்புகிறார்கள்.

"செட்டிங்" என்பது வேறு, "குறை" என்பது வேறு. தந்தியின் உயரம் கூடிக் குறைந்திருப்பது, கழுத்தின் வளைவு சற்று மாறியிருப்பது, 12ஆவது ஃப்ரெட்டில் சுரம் கொஞ்சம் விலகியிருப்பது எல்லாம் செட்டிங். அவற்றைச் சரிசெய்யவே கிட்டாரில் ஆணிகள் வைத்திருக்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் அரை மணி, ஒரு மணி நேரத்தில் செய்துவிடுவார். இதைக் காட்டி "பொருள் பழுது" என்று கடையில் சண்டை பிடிப்பது நியாயமில்லை.

ஆனால் கழுத்து முறுகியிருப்பது, மரத்தில் வெடிப்பு, மேலெழுந்து நிற்கும் ஃப்ரெட், கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியின் ஆணி சுற்றாமல் இறுகிப்போயிருப்பது, தந்தி கழுத்தின் ஓரத்தை விட்டு வழுக்கும் அளவுக்குக் கழுத்து கோணலாகப் பூட்டப்பட்டிருப்பது, வயர் பொருத்தும் இடம் ஆடி ஆடிச் சத்தம் விட்டு விட்டு வருவது ஆகியவை குறைகள். இவற்றை "செட்டிங்தான் தம்பி, வாசிக்க வாசிக்கச் சரியாகும்" என்று சொல்லி அனுப்புவதும் நியாயமில்லை. மேலெழுந்த ஃப்ரெட் வாசிக்க வாசிக்கத் தானாக இறங்காது.

எங்களிடம் படித்த பிள்ளை ஒருவர், உயர்தரம் எழுதிவிட்டு டியூஷன் கொடுத்துச் சேர்த்த 85,000 ரூபாவுக்குக் கொழும்பில் ஒரு கடையில் கிட்டார் வாங்கினார். சீல் உடைக்காத பெட்டிதான். இரண்டு மாதம் இரவு பகலாகப் பழகினார். மேல்பகுதியில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் சத்தம் வரவில்லை, இரைச்சல்தான் வந்தது. "எனக்குத்தான் விரல் சரியில்ல சேர், எனக்கு இது வராது போல" என்று எங்களிடம் சொன்னார். பிறகு ஊரில் சவுண்ட் சிஸ்டம் திருத்தும் நானா ஒருவர் சிறிய இரும்பு அடிமட்டத்தின் விளிம்பை ஃப்ரெட்டுகளின் மேல் வைத்துக் காட்டினார். 15ஆவது ஃப்ரெட்டின் மேல் அடிமட்டம் ஊஞ்சல் போல ஆடியது. விரலில் ஒரு பிழையும் இல்லை.

கடைக்குக் கோல் எடுத்தபோது வந்த பதில்: "வாரண்டி எலெக்ட்ரிக் சாமானுக்கு மட்டும்தான். நீங்கள் பெட்டியைத் திறந்து இரண்டு மாதம்." பெட்டியைத் திறக்காமல் ஃப்ரெட்டை எப்படிப் பார்ப்பது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. கடைசியில் தன் கைக்காசைச் செலவழித்தே அந்தப் பிள்ளை அதைத் தேய்த்துச் சரிசெய்துகொண்டார்.

காசு போனதை விட எங்களுக்கு வலித்தது அவர் சொன்ன அந்த வார்த்தைதான். வகுப்பறையில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கருவி பிழையாக இருந்தால், கற்கும் பிள்ளை கருவியைக் குறை சொல்லாது, தன்னைத்தான் குறை சொல்லும். ஆணி தளர்ந்த கவராயத்தால் வட்டம் கீறும் பிள்ளை, "எனக்குக் கேத்திர கணிதம் வராது" என்று நினைக்கும். நூல் அறுந்துகொண்டே இருக்கும் மெஷினில் தையல் பழகும் பிள்ளை, "எனக்குக் கை ஓடாது" என்று எழுந்து போய்விடும். கை தேர்ந்த ஒருவர் பழுதான கிட்டாரை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார். விலை குறைந்த கிட்டாரை வாங்குபவரோ பெரும்பாலும் முதன்முதலாகக் கையில் எடுப்பவர். குறையைக் கண்டுபிடிக்கத் தெரியாதவர் கைக்கே குறையுள்ள பொருள் போய்ச் சேருகிறது. எத்தனை பிள்ளைகள் இப்படித் தம் மீதே பழி போட்டுக்கொண்டு விட்டுவிட்டார்களோ, அல்லாஹ்தான் அறிவான்.

"கம்பனி செய்த பிழைக்கு நாங்கள் என்ன செய்வது?" என்று வியாபாரிகள் கேட்கலாம். சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கை விட்டுப் பார்த்த சம்பவத்தை நாம் எத்தனை ஜும்ஆக்களில் கேட்டிருக்கிறோம். உள்ளே ஈரம் இருந்தது. மழையால் நனைந்தது என்றார் விற்பவர். மழை அவருடைய பிழை இல்லைதான். ஆனாலும், மக்கள் பார்க்கும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்றுதான் அவரிடம் கேட்கப்பட்டது. குறையை உண்டாக்கியவர் யார் என்பதல்ல அங்கே கேள்வி. குறை மறைந்து கிடக்கிறதா, வெளியே தெரிகிறதா என்பதுதான்.

ஃபிக்ஹில் இதற்குத் தனிப் பாடமே இருக்கிறது. வாங்கும்போது தெரியாமல் இருந்து, பிறகு பழைய குறை ஒன்று வெளிப்பட்டால், பொருளைத் திருப்பிக் கொடுத்துக் காசைப் பெறும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. கியாருல் ஐப் என்பார்கள். நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் குறை தெரிந்தவுடன் தாமதிக்காமல் திருப்ப வேண்டும். தெரிந்த பிறகும் பாவித்துக்கொண்டிருந்தால் அந்த உரிமை போய்விடும். "எந்தக் குறைக்கும் நான் பொறுப்பில்லை" என்று விற்பவர் முன்கூட்டியே சொல்லிவிட்டால், கிட்டார் போன்ற ஒரு பொருளில் அவர் தப்பித்துவிட முடியாது என்பதும் அதே மத்ஹபின் நிலைப்பாடு. "விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்று பில்லின் அடியில் அச்சடித்து வைத்திருக்கும் நம்மவர்கள் தமது ஊர் ஆலிமிடம் ஒருமுறை இதைக் கேட்டுப் பார்க்கட்டும்.

நாட்டின் சட்டமும் இதற்குத் தூரமாக இல்லை. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமே, வியாபாரி விற்கும் பொருள் விற்பனைக்குத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் வாங்குபவர் பார்த்துச் சோதித்த பொருளில், கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால் பார்ப்பதென்றால் ஒழுங்காகப் பார்க்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு, உத்தரவாதத்துக்கு ஏற்ப இல்லாத பொருள் பற்றி எழுத்தில் முறையிடலாம். வாங்கி மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும். பற்றுச்சீட்டு கையில் இருக்க வேண்டும். தொலைபேசியில் விசாரிப்பதற்கு 1977.

அப்படியானால் என்ன செய்யலாம்?

கிட்டார் வாங்கப் போகும் பிள்ளைகளே, பெற்றோரே, பெட்டியைக் கடையிலேயே திறக்கச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். தெரியாவிட்டாலும் இவற்றைப் பார்க்கலாம்:

1. கழுத்தின் இரு ஓரங்களிலும் விரலை மெதுவாக ஓட்டுங்கள். ஃப்ரெட் முனை கீறுகிறதா?

2. தலைப்பக்கமிருந்து கழுத்தின் நீளத்துக்குக் கண்ணால் பாருங்கள். முறுகல் தெரிகிறதா? இரண்டு ஓரத் தந்திகளும் விளிம்பிலிருந்து உள்ளே நிற்கின்றனவா?

3. ஃபோனில் டியூனர் செயலியைப் போட்டுத் தந்திகளைச் சுருதி சேர்த்த பிறகு, ஒவ்வொரு தந்தியையும் முதலாவது ஃப்ரெட்டிலிருந்து கடைசி ஃப்ரெட் வரை ஒவ்வொன்றாக அழுத்தித் தட்டுங்கள். எல்லா இடத்திலும் லேசாக இரைந்தால் பெரும்பாலும் செட்டிங். ஒரே ஒரு இடத்தில் மட்டும் இரைந்தால் ஃப்ரெட்டைச் சந்தேகியுங்கள்.

4. அம்ப்ளிஃபையரில் பொருத்தி, எல்லாக் குமிழையும் சுற்றுங்கள், சுவிட்சை மாற்றுங்கள், வயரை மெதுவாக அசையுங்கள். சத்தம் அறுந்தால் வாங்காதீர்கள்.

5. எதற்கு வாரண்டி, எத்தனை நாளுக்குள் மாற்றலாம் என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

ஒன்லைனில் வாங்குகிறீர்கள் என்றால், பெட்டி வந்த அன்றே இதையெல்லாம் செய்யுங்கள். திறப்பதை ஃபோனில் படம் பிடித்து வையுங்கள். குறை கண்டால் அன்றே அறிவியுங்கள்.

இதையெல்லாம் செய்யும் பிள்ளையைப் பார்த்து, "இவ்வளவு பார்க்கிறவன் வாங்கமாட்டான்" என்று சிரிக்கும் கடைகள் உண்டு. வெட்கப்பட வேண்டாம். காசை எண்ணிப் பார்த்துத்தான் அவரும் லாச்சியில் போடுகிறார்.

வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. பெட்டியைத் திறந்து, சுருதி சேர்த்து, ஃப்ரெட்டுகளைப் பார்த்து, "இன்ன திகதியில் பார்த்தோம், இந்தச் செட்டிங் செய்தோம்" என்று சிறிய துண்டில் எழுதிக் கையொப்பம் வைத்துக் கொடுங்கள். அதற்காக ஆயிரம், இரண்டாயிரம் கூட வாங்குங்கள், நாங்கள் தடுக்கவில்லை. சின்னக் குறை இருந்தால் அதைச் சொல்லி, விலையைக் குறைத்து விற்றாலும் ஹலால்தான். உண்மையைச் சொல்லி விற்கும் வியாபாரத்தில்தான் பரக்கத் இருக்கிறது என்று நமக்குக் கற்றுத்தரப்பட்டிருக்கிறது.

கடைசியாக வாங்குபவர்களாகிய நமக்கு. திறந்து சோதித்த பெட்டியைக் கண்டதும் "இது பழசு" என்று நாம் ஒதுக்கும் வரைக்கும், எந்தக் கடைக்காரரும் பெட்டியைத் திறக்கமாட்டார். அவர் பயப்படுவது நமது அந்தப் பேச்சுக்குத்தான். இனிமேல் கடைக்குப் போனால் "சீலோட இருக்கா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "திறந்து பார்த்தீங்களா நானா?" என்று கேட்போம். கிட்டாருக்கு மட்டுமல்ல, தையல் மெஷினுக்கும், கிரைண்டருக்கும், பிள்ளையின் சைக்கிளுக்கும் இதையே கேட்போம்.

சரி என்று பட்டால் பகிருங்கள். கடை வைத்திருக்கும் சகோதரர்கள் தமது பக்க நியாயத்தையும் கீழே எழுதுங்கள், வாசிக்கக் காத்திருக்கிறோம்.