குந்தி அழும் நேரம்

உத்திரமேரூர் என்றதும் குடவோலைக் கல்வெட்டை நினைப்பவர்களே அதிகம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட அந்தச் சாசனங்களைப் பற்றிப் பேசாத மேடை இல்லை. ஆனால் அவ்வட்டாரத்துக் கிராமங்களுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அதைப் பற்றி மேடையில் யாரும் வாய் திறப்பதில்லை. சாவு வீட்டில் நடக்கும் கூத்துதான் அது. பெயரைக் கேட்டவுடன் முகம் சுளிக்கும் அன்பர்கள் சற்றுப் பொறுமையுடன் மேலே படிக்க வேண்டுகிறோம்.

காஞ்சிபுரம், உத்திரமேரூர், செய்யாறு, வந்தவாசிப் பகுதிகளில் ஆண்டு அனுபவித்து முடித்த பெரியவர் ஒருவர் காலமாகிவிட்டால், கருமாதிக்கு முந்திய இரவில் ‘கர்ண மோட்சம்’ கூத்து வைப்பது வழக்கம். இறந்தவர் நற்கதி அடைவதற்கு அது துணை என்பது ஜனங்களின் நம்பிக்கை. புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கும் நாடகம் அது. பாரதப் போரின் பதினேழாம் நாள், கர்ணனுடைய கடைசி நாள், அதுவே கதை. இரவு பத்து மணிக்கு மேல் முகவீணையும் ஆர்மோனியமும் மிருதங்கமும் முழங்கக் கட்டியக்காரன் வருவான். கோமாளித்தனம் செய்வான், ஊர்க்காரர்களை வம்புக்கு இழுப்பான், சாவு வீட்டார்கூடச் சிரிப்பார்கள். பிறகு திரைக்குப் பின்னால் சலங்கைச் சத்தம். மரக்கட்டையில் செய்து கண்ணாடியும் வண்ணமும் பதித்த கிரீடமும் புஜகீர்த்தியும் மின்ன வேஷக்காரர் வெளிப்படுவார். பொழுது விடியும்போது கர்ணன் விழுவான். விடிந்ததும் கருமாதிச் சடங்கு தொடங்கிவிடும்.

இரண்டு இடங்களில் பாட்டு நெஞ்சைப் பிழிகிறது. முதலாவது பொன்னுருவியிடம் கர்ணன் விடைபெறும் கட்டம். தேரோட்டி வளர்த்த பிள்ளை என்று கணவனை இகழ்ந்தே காலம் கழித்தவள் அவள். அவன் யார் பெற்ற மகன் என்ற உண்மை, அவன் திரும்பி வரப்போவதில்லை என்ற வேளையில்தான் அவளுக்குத் தெரிகிறது. இத்தனை நாளும் ஒரு நல்ல வார்த்தை சொல்லாமல் போனோமே என்ற பரிதவிப்பு அந்தப் பாட்டு முழுவதும் ஓடுகிறது. கேட்டுக்கொண்டிருக்கும் கூட்டத்தில், போனவரோடு பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தம்பியும் இருப்பான். கஞ்சி ஊற்றச் சலித்துக்கொண்ட மருமகளும் இருப்பாள். அவர்களைப் பார்த்து யாரும் ஒன்றும் கேட்பதில்லை. பொன்னுருவி பாடுகிறாள், அவ்வளவுதான்.

இரண்டாவது இடம் குந்தி. அடிபட்டு வீழ்ந்த மகனை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு அவள் கதறுகிறாள். பெண் வேஷம் கட்டியவர் பெரும்பாலும் ஓர் ஆண்மகன்தான். பகலில் ஏர் பிடிப்பவராகவோ செங்கல் சுமப்பவராகவோ இருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் அதை நினைப்பவர் எவரும் இல்லை. உச்சஸ்தாயியில் அவர் ஓர் அடியைப் பாட, பின்பாட்டுக்காரர்கள் அதையே வாங்கித் திரும்பப் பாட, முகவீணை அதே அடியை அழுகிற குரலில் மூன்றாம் முறை சொல்கிறது. கல் நெஞ்சும் எத்தனை நேரம் தாங்கும்?

இந்தக் கட்டத்துக்கு ஒரு பூர்வோத்தரம் உண்டு. வியாச பாரதத்தில் போர்க்களத்தில் குந்தி வெளிப்படையாக அழுவதில்லை. எல்லாம் முடிந்து, மாண்டவர்களுக்கு நீர்க்கடன் கழிக்கும்போதுதான், கர்ணனுக்கும் நீர் விடுங்கள், அவன் உங்கள் மூத்தவன் என்று தருமரிடம் சொல்கிறாள். நம் வில்லிபுத்தூரார் இதை மாற்றிவிட்டார். போருக்கு முன்பே தாயை அறிந்துகொண்ட கர்ணன், தான் மடியும்போது தன்னை மடியில் ஏந்தி, மகன் என்று உலகறியச் சொல்ல வேண்டுமென்று அவளிடம் வரம் வாங்கிக்கொள்கிறான். கூத்தில் குந்தி ஓடி வருவது அந்த வாக்கைக் காப்பாற்றத்தான். விசித்திரம் என்னவென்றால், நம் கிராமத்தார் இந்தக் கூத்தைக் கருமாதியோடு சேர்த்துவிட்டார்கள். வியாசர் எந்த வேளையில் ரகசியத்தை உடைத்தாரோ, அந்த நீர்க்கடன் வேளைக்கே கதை சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்துவிட்டது. யாரும் திட்டம் போட்டுச் செய்தார்களா என்றால் அதற்கு அவசியம் இல்லை. துக்கத்துக்குத் தன் இடம் தெரியும் போலும்.

சோகப் பாட்டு என்றதும் முகாரி ராகம் என்று பள்ளிப்பிள்ளை ஒப்பிப்பதுபோல் ஒப்பித்துவிடுகிறோம். ராகத்தில் மட்டும் இந்தச் சக்தி இருந்தால் சங்கீத சபைகளில் தினமும் அழுகைதான் கேட்கும். தொல்காப்பியர் அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு காரணங்கள் சொன்னார். இழவு அவற்றில் ஒன்றுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். இழிவுபட்டதற்கும், நிலை குலைந்ததற்கும், இல்லாமைக்கும் மனிதன் அழுகிறான். கர்ணன் கதையில் இவை அநேகமாக எல்லாமே உண்டு. ஆகவே கேட்பவர் எந்தக் குறையோடு வந்திருந்தாலும் அவருக்கென்று ஓர் அடி அந்தப் பாட்டில் காத்திருக்கிறது.

ஒப்பாரியும் இப்படித்தான். இசபெல் கிளார்க்-டெசே என்ற மானிடவியல் அறிஞர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒப்பாரியை ஆராய்ந்து 2005-ல் ஒரு நூல் வெளியிட்டார். இறந்தவருக்காக யாரும் அழுவதில்லை என்பது நூலின் தலைப்புக்குப் பொருள். கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்கும் பெண்கள் ஒவ்வொருத்தியும் தன் கஷ்டத்தை நினைத்தே அழுவதாக அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். நம் பாட்டிமார்களுக்கு இது புதுச் செய்தியல்ல. ஆனால் ஒப்பாரி பெண்களின் சொத்து. ஆண்கள் வெளித் திண்ணையில் பந்தல்காரனோடும் மேளக்காரனோடும் கணக்குப் பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் கண்ணைத் துண்டால் துடைத்துக்கொள்ள ஊர் அனுமதிக்கும் ஓர் இரவு இருக்கிறதென்றால் அது கர்ண மோட்ச இரவுதான். அப்பனுக்காக அழுதால் ஆண்பிள்ளைக்குக் கேவலம் என்று நினைப்பவனும் கர்ணனுக்காக அழலாம். அதில் கேவலம் ஒன்றும் இல்லை.

வெளிநாட்டுச் சம்பவம் ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. இங்கிலாந்தில் ‘பிங்க் ஃபிளாய்ட்’ என்றொரு இசைக்குழு. அதன் ஆரம்பகாலப் பாடகரும் பாட்டெழுதியவருமான சிட் பாரெட் மனம் பேதலித்து 1968-ல் விலகிப்போனார். 1975-ல் லண்டன் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் நண்பர்கள் அவர் பிரிவை எண்ணிச் செய்த இசையைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். அப்போது தலையும் புருவமும் மழித்த பருத்த மனிதர் ஒருவர் உள்ளே வந்து நின்றார். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அவர்தான் சிட் பாரெட் என்று தெரிந்தபோது அழுதேவிட்டார்கள். ‘விஷ் யூ வேர் ஹியர்’ என்ற பெயரில் அவ்வாண்டே வெளிவந்த அந்த இசைத்தட்டை உலகமெங்கும் இன்றும் கேட்டு உருகுகிறார்கள். மின்சாரக் கிதாருக்கும் முகவீணைக்கும் வெகு தூரம். ஆனால் எதிரே நிற்பவனைத் தம்மவன் என்று அறியாமல் இருந்த வேதனை பஞ்சபாண்டவருக்கும் அந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் பொதுவாகத்தான் இருக்கிறது.

இவ்வளவு அருமையான ஒன்றை நாம் எப்படி வைத்திருக்கிறோம்? இரவு முழுவதும் எதற்கு, நள்ளிரவோடு முடித்துவிடுங்கள் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கூத்தையே விட்டுவிட்டு, குந்தி புலம்பலைப் பதிவு செய்த ஒலியைக் குழாயில் கட்டி அலறவிட்டால் போதாதா என்பவர்களும் உண்டு. போதாது என்பதே நம் கட்சி. எட்டு மணி நேரம் கண் விழித்து, கட்டியக்காரனோடு சிரித்து, பனியில் முடங்கி, பாதிக் கதையில் தூங்கி விழுந்து, பக்கத்து வீட்டுக் கிழவி தட்டி எழுப்பிய பிறகு கேட்கும்போதுதான் அந்தப் பாட்டுக்கு அந்தப் பலம். குந்தியை மட்டும் தனியே வெட்டி எடுத்தால் ஓர் அழுகைக் குரல் மிஞ்சும். கர்ணன் மிஞ்ச மாட்டான்.

போலீஸ் அனுமதி கிடைப்பதில்லை என்ற குறையும் சொல்லப்படுகிறது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. நியாயமான விதிதான், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் நோயாளியும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆனால் ஒலிபெருக்கி பிறப்பதற்கு வெகு காலத்துக்கு முன்பே பிறந்த கலை இது. திறந்த வெளியில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமென்றுதானே அந்த உச்சக் குரலும், பின்பாட்டும், முகவீணையின் கீச்சும் ஏற்பட்டன! குழாயை இறக்கி வைத்துவிட்டால் கூத்துக்கும் நல்லது, பாடுகிறவர் தொண்டைக்கும் மரியாதை. இதை ஊர்ப் பெரியவர்களும் காவல் நிலையமும் பேசி முடித்துக்கொள்ளலாம்.

செலவைப் பற்றிச் சொல்லாமல் விடுவதற்கில்லை. கடன் வாங்கிக் கருமாதி செய்வதை நாம் ஒருபோதும் ஆதரிக்கவில்லை. இல்லாத வீட்டில் கூத்து வைக்காவிட்டால் எந்த ஆத்மாவும் நடுவழியில் நின்றுவிடாது. ஆனால் வசதியுள்ள வீடுகளில் பூப்பல்லக்குக்கும் வெடிக்கட்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டு பணம் கொடுத்துவிட்டு, விடிய விடிய ஆடப்போகும் கூத்துக்காரரிடம் நூறு இருநூறு குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவது அழகல்ல. அடுத்து ஆட வருவதற்கு ஆள் வேண்டுமே. கூத்துக் கலைஞர்கள் 1990-ல் கூடிக் கட்டைக்கூத்துச் சங்கம் கண்டார்கள். காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் அச்சங்கம் 2002-ல் ஒரு குருகுலம் தொடங்கியது. பெருங்கட்டூர் பி. ராஜகோபால் போன்றவர்கள் அங்கே பிள்ளைகளுக்குப் படிப்போடு கூத்தும் சொல்லிக்கொடுத்தார்கள். வழக்கத்துக்கு மாறாகப் பெண் பிள்ளைகளும் வேஷம் கட்டினார்கள். அந்தக் குருகுலம் 2020-ல் மூடப்பட்டுவிட்டது. அங்கே கற்றுத் தேர்ந்த பெண்களில் ஒருத்தி உத்திரமேரூர்ப் பக்கத்துச் சாவு வீடு ஒன்றில் குந்தியாக வந்து அழுதால் அது எப்படி இருக்கும்? இத்தனை காலமும் ஆண் குரலிலேயே கேட்டுப் பழகிய அந்தத் தாயின் புலம்பலை ஒரு பெண் குரலில் கேட்க ஊர்க்காரர்கள் ஒரு தரமாவது அழைத்துப் பார்க்கலாம்.